இடப்பக்கம் திரும்பச் சொன்ன குரல்

திரையில் முதல் புள்ளி பாதையை விட்டு இடப்பக்கம் விலகியபோது, வரைபடத்தில்தான் ஏதோ பிழை என்று ஸுமைரா நினைத்தாள்.

கண்டியிலுள்ள சைக்கிள்காரர்கள் கூட்டமாக மலைப்பாதைகளில் போவதற்கு ஓர் இணையத்தளத்தை அவள் நடத்திவந்தாள். முன்பு அதில் நாளும் நேரமும் புறப்படும் இடமும் மட்டும்தான் இருந்தன. போன வருஷம் ஹந்தானை மலையில் மூடுபனி இறங்கிய ஒரு பின்னேரம், கஜேந்திரன் என்ற ஆசிரியர் பின்தங்கிப்போனார். வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று எண்ணி மற்றவர்கள் கலைந்துவிட்டார்கள். தேயிலைக்குக் கீழே ஒரு வடிகானுக்குள் அவரைக் கண்டெடுத்தபோது உடல் விறைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஸுமைரா தளத்தை மாற்றத் தொடங்கினாள். இப்போது சவாரியில் போகிற ஒவ்வொருவரும் வரைபடத்தில் ஒரு புள்ளி. யாராவது பின்தங்கினால் எல்லாருடைய போனிலும் ஒரு மணி அடிக்கும். மணி மட்டும்தான், பேச்சு எதையும் அவள் அதில் சேர்க்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க அவளுடைய தம்பி அஹ்னாப் மூன்று கூட்டாளிகளுடன் ஹந்தானைக்குப் போயிருந்தான். அவன் முன்னால், சதீஸும் டிலானியும் நடுவில், அமான் கடைசியில்.

குண்டசாலையிலுள்ள தன் வீட்டின் மேல்மாடியில் ஸுமைரா தனியாக இருந்தாள். மழையில் ஊறிய சுவரின் பூஞ்சண மணமும், ஆறிப்போன பிளேன்டீயின் கசப்பும், கூரைத் தகட்டில் சொட்டுகள் விட்டுவிட்டு விழும் ஓசையும் அறைக்குள் தேங்கிக் கிடக்க, சன்னலுக்கு அப்பால் மலைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் கரைந்துகொண்டிருந்தன. திரையில் இரண்டாவது புள்ளியும் அதே இடத்தில் இடப்பக்கம் திரும்பியது. பிறகு மூன்றாவது. அங்கே பாதை கிடையாது. தேயிலையும் இல்லை. வெறும் சரிவு.

அஹ்னாபுக்குப் போன் எடுத்தாள். அவன் மூச்சு வாங்கப் பேசினான். மூடுபனியில் முன்சக்கரம்கூடத் தெரியவில்லை என்றும், ஆனாலும் பிரச்சினை இல்லை, புதிய வசதி நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னான்.

“ஏன் இடப்பக்கம் போறாய்? அங்க ரோட்டே இல்லயே.”

“நீங்கதானே ராத்தா செல்லிட்டு ஈக்கீங்க, இடப்பக்கம் திரும்புங்க எண்டு.”

அவள் கை மேசை விளிம்பைப் பற்றியது. தான் எதுவும் சொல்லவில்லை, தளத்தில் குரலே இல்லை, நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று அவள் படபடத்தாள். மறுமுனையில் அவன் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தான். சைக்கிள் சங்கிலியின் கிறீச்சொலி. ஈரப் புல் உரசும் சத்தம். அதற்குப் பின்னால், தூரத்தில், மெல்லிய பெண்குரல் ஒன்று. ஸுமைராவின் குரல். அவள் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும்போது வரும் அதே இழுப்பு.

“இன்னும் கொஞ்சம்தான். வாங்க.”

“ராத்தா,” அஹ்னாபின் குரல் சிறுத்துவிட்டது. “ரெண்டும் உங்கட குரல் மாதிரித்தான் கேக்குது. எத நம்புற?”

சிறுவயதில் அவள் மட்டும் அவனை அழைத்த பெயர் ஒன்று உண்டு. உம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதைச் சொன்னால் நம்புவான். வாயைத் திறந்தாள்.

“குருவி,” என்றது அந்தக் குரல். அவளுக்கு முன்பே.

“ஆ,” என்றான் அஹ்னாப், நிம்மதியாக. “வாறேன் ராத்தா.”

அவன் சொன்னது அவளிடம் இல்லை, அந்தக் குரலிடம்.

ஸுமைரா கத்தினாள். சத்தம் பாதிதான் வந்தது. மறுபடி கத்தினாள். அதில் பாதி. முதல் புள்ளி அணைந்தது. சங்கிலியோசை நின்றது. ஒன்றும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்படவுமில்லை. யாரோ போனைக் காதருகில் வைத்திருப்பதுபோல மூச்சு மட்டும், இதமாக.

சதீஸின் புள்ளி சரிவை நோக்கி நகர்ந்தது. அணைந்தது.

டிலானி.

அணைந்தது.

அமானின் புள்ளி மட்டும் பாதையில் நின்றிருந்தது. அசையவில்லை. அவனுக்குப் பயம் வந்துவிட்டது, நிற்கிறான், நிற்கட்டும். அந்த அழைப்பு வழியாகவாவது அவனுக்குக் கேட்கட்டும் என்று ஸுமைரா போனை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். வராதே என்று சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும். உதடுகள் அசைந்தன. தொண்டை புடைத்தது. காற்று வந்தது. வெறும் காற்று. கழுத்தைத் தடவினாள், உள்ளே எதுவும் அதிரவில்லை.

போனுக்குள்ளிருந்து, தெளிவாக, அன்பாக, அவள் குரல் கூப்பிட்டது.

“அமான், நீங்களும் வாங்க.”

புள்ளி இடப்பக்கம் திரும்பியது.