பன்னிரண்டரை கிலோ

எடை மெஷின் மேல் அக்கா ஏறி நின்றபோது எண்பத்து நாலு காட்டியது.

ஐந்து மாதத்துக்கு முன்னாலும் எண்பத்து நாலுதான். ஆனால் அப்போது அக்காவுக்குக் கழுத்தெலும்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்போது அந்தக் குழியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கும். இரண்டு தடவை பிடித்துத் தைத்த பிறகும் சட்டை தோளிலிருந்து நழுவுகிறது. பக்கத்தில் நின்றவளுக்கு, பார்சல் ஆபீசில் ஒன்பது வருஷமாக பில் போடுகிறவளுக்கு, மூட்டையைத் தொடாமலே கண்ணால் எடை சொல்ல வரும். அக்கா எழுபத்திரண்டைத் தாண்ட வழியே இல்லை.

"மெஷின் பல்ல இளிக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினாள். கொஞ்சம் அவசரமாகவே இறங்கினாள்.

எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. பன்னிரண்டரையில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். இன்னொரு மூச்சு. பிறகு இரும்புத் தகடு லேசாகக் கிறீச்சிட்டது, யாரோ ஒருத்தர் நிதானமாகக் கீழே கால் வைத்தது போல. அப்புறம்தான் பூஜ்யம்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் உடன்பிறந்தவர்கள் இல்லை. எடை போடுகிறவள் எட்டு வயது மூத்தவள் என்பதால் ஆபீஸ் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பில் போடுகிறவளுக்கு மேஸ்திரி வைத்த பெயர் மூட்டை. "மூட்டை வந்தாச்சு, வண்டி கிளம்பலாம்" என்று அவர் பாசமாகத்தான் சொல்வார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பாள்.

"உங்களுக்கு எடை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பசியைக் குறைக்கிற ஊசி கட்டாயமில்ல. நடந்து, சாப்பாட்டைக் கவனிச்சும் பார்க்கலாம். போடணும்னு நினைச்சா எழுதித் தர்றேன். முடிவு உங்களோடது." புருஷனிடம் கேட்டதற்கு, "எனக்கு நீ இப்படியே நல்லாத்தான் இருக்கே" என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அது அன்பா சோம்பலா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. பேனா மாதிரியான அந்த ஊசி எட்டு நாளாக பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் போடலாமா, வேண்டாமா என்று யோசிப்பாள். யோசித்துக்கொண்டே எதையாவது எடுத்துத் தின்பாள். கடைசியில், "கொண்டா, முதல் தடவை நானே போட்டு விடறேன்" என்று, ஐந்து மாதமாக அதே ஊசி போட்டுக்கொள்ளும் அக்கா சொன்னதால் இன்று பையில் ஐஸ் கட்டியோடு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திங்கள் லாரிக்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் பார்சலை மறுபடி எடை பார்க்க வேண்டும். வேறு யாரும் வரவில்லை. "ரெண்டு பொம்பளைங்க தனியா, பூட்டிக்கறதுதான் நல்லது" என்று அக்கா ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். தகரக் கூரையிலிருந்து இறங்கிய வெக்கையில் சாக்கு நாற்றமும் ஒட்டு டேப்பின் பசை வாசனையும் குழைந்து கிடந்தன. அதற்கடியில் இன்னொரு வாடை, நாள் முழுக்க எதுவும் தின்னாதவர்கள் வாயிலிருந்து வருமே, அந்தப் புளித்த காற்று, அலமாரி வரிசைகளுக்கு நடுவிலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

அக்கா டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"சாப்பிடலியாக்கா?"

"பசியா? அதெல்லாம் எங்கிட்ட இருந்து போயி அஞ்சு மாசமாச்சு."

கடைசி வரிசைக்குப் பின்னால் ஏதோ மென்றது. சவக், சவக் என்று, அவசரமே இல்லாமல், வாயை மூடிக்கொண்டு சாப்பிடக் கற்றுக்கொள்ளாத குழந்தை மாதிரி.

"எலியாக்கா?"

வெள்ளிக்கிழமை மேஸ்திரி அதே மூலையிலிருந்து குடோன் பூனையை முறத்தில் அள்ளி எடுத்து வந்திருந்தார். வயிற்றுப் பக்கம் முழுதாகக் காணோம். விலா எலும்புகள் சுத்தமாக வழித்து நக்கப்பட்டிருந்தன. "எலி இந்த வேலை பார்க்காதும்மா" என்றார் அவர். அன்றைக்கு ஒரே நாள் அவளை மூட்டை என்று கூப்பிட மறந்துபோனார். "எலிக்கு இவ்ளோ பெரிய வாய் கிடையாது."

"எடுடி ஊசியை" என்றாள் அக்கா.

"இல்லக்கா. இன்னும் முடிவு பண்ணல."

"முடிவென்ன முடிவு? எத்தனை நாள் மூட்டையாவே இருக்கப் போறே?"

"சத்தம் கேக்குதுக்கா. கதவைத் திறங்க."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு இடது கைச் சட்டையை மெல்ல மேலே சுருட்டினாள்.

முழங்கைக்கு மேலே சதை இல்லை. கிண்ணத்தால் மொண்டெடுத்த மாதிரி ஒரு பள்ளம். விளிம்பில் பல் வரிசை பதிந்து கறுத்திருந்தது. மேல்வரிசையின் நடுவில் ஒரு இடைவெளி. அக்கா சிரித்தால் தெரியும் அதே இடைவெளி.

அவள் அலமாரியோடு ஒட்டிப் பின்னால் நகர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட்னு சொன்னேன்ல? இல்லடி. தூங்கிட்டிருந்தாரு. கெண்டைக்கால எலும்பு வரைக்கும்…" அக்காவின் குரலில் அழுகைகூட இல்லை. களைப்புதான் இருந்தது. "எடை காணாமப் போகாதுடி. நம்ம தொழில்ல உனக்குத் தெரியாதா? இங்க குறைஞ்சா அங்க எங்கேயோ ஏறியிருக்கும். பன்னெண்டரை கிலோ. என் பசி மொத்தமும் அதுகிட்ட இருக்கு. எங்க போனாலும் பின்னாடியே வருது."

"என்னை எதுக்குக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

"ஒத்தையா இருக்கறதாலதான் நம்மளைத் திங்குது. உன்னோடதும் வெளிய வந்துட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுத் தீர்த்துக்கும். அஞ்சு மாசமா யோசிச்சுட்டேன்டி. வேற வழியே இல்ல."

மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

அவள் ஷட்டர் பக்கம் ஓடினாள். அக்கா பின்னால் வந்து கூந்தலைப் பிடித்து இழுத்தாள். சதை வற்றிய அந்தக் கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, அவள் தலை இரும்பு அலமாரியில் மோதியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அக்கா அவள் மேல் ஏறி உட்கார்ந்து, பையைக் கொட்டி, ஊசியை எடுத்து மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "அசையாத. அசையாதடி, என் கண்ணுல்ல!" அவள் முழங்காலை மடக்கி முழு பலத்தோடு உதைத்தாள். அவளுடைய எழுபத்தெட்டு கிலோவும் அந்த ஒரு உதையில் இருந்தது. அக்கா பின்னால் பறந்து, அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளோடு சரிந்தாள். ஊசி உருண்டது.

அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முயன்றாள். முடியவில்லை.

அக்காவின் மார்பின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

இரண்டு வயதுப் பிள்ளை உயரம். உடம்பில் துணி இல்லை. எலும்பும் இல்லை போலிருந்தது. மடிப்பு மடிப்பாக, மஞ்சளாக, ஈரமாகத் தொங்கியது. முகம் மட்டும் அக்காவின் முகம். பழைய அக்கா. உப்பிய கன்னம், இரட்டைத் தாடை, எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கும் அந்தச் சிரிப்பு. அது அக்காவின் கன்னத்தை இரண்டு கைகளாலும் ஏந்தியது. முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்தது.

துணி கிழிவது போல ஒரு சத்தம்.

அக்கா கத்தினாள். பிறகு கத்த வாய் இல்லை. கால்கள் மட்டும் தரையை உதைத்தன, ஒரு செருப்பு கழன்று அவள் பக்கம் வந்து விழுந்தது. அது தொண்டைக்குப் போயிற்று. தோளுக்குப் போயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் சாவியைப் பார்த்தாள். அது அக்காவின் இடுப்பில் இருந்தது. அக்காவின் இடுப்பு அதன் கால்களுக்கு அடியில் இருந்தது.

ஷட்டரில் அறைந்தாள். கத்தினாள். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நல்ல வெயில். ஷட்டரின் ஓட்டை வழியாக ஒரு காசளவு வெளிச்சம் அவள் கையில் விழுந்திருந்தது.

பின்னால் சத்தம் நின்றது.

திரும்பினாள்.

அக்கா இருந்த இடத்தில் சட்டை இருந்தது. தின்று முடித்தது இறங்கி நடந்து வந்தது. மெதுவாக. ஈரக் காலடிகள். இப்போது அவள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"பசிக்குது" என்றது, அக்காவின் குரலில்.

ஊசி அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

எட்டு நாள் யோசித்தது. டாக்டர் சொன்னது. புருஷன் சொன்னது. எதுவும் நினைவுக்கு வரவில்லை. ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுத் தீர்த்துக்கும். அது மட்டும்தான். வேறு வழி இல்லை. இருந்தால் யாராவது சொல்லட்டும். எடுத்தாள். சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் குத்தினாள். அழுத்தினாள்.

காலையிலிருந்து கூடவே இருந்த பசி சட்டென்று அணைந்தது.

தொப்புளுக்குக் கீழே தோல் புடைத்தது. கிழிந்தது. வலி அவளை மண்டியிட வைத்தது. விரல் இடுக்கில் சூடாக ஏதோ வழுக்கி, தரையில் சொத்தென்று விழுந்தது. கையளவுதான். மஞ்சளாக. ஈரமாக. நிமிர்ந்தபோது அதற்கு அவளுடைய மூக்கு.

"போ" என்றாள் அவள். "போ. அதைக் கடி."

சின்னது பெரியதைப் பார்த்தது. பெரியது சின்னதைப் பார்த்தது.

பெரியது குனிந்தது. சின்னதை அள்ளி எடுத்தது. இடுப்பில் வைத்துக்கொண்டது. வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் பதமாகத் துடைத்துவிட்டது. பிறகு, குழந்தைக்கு ஊட்டும்போது வேடிக்கை காட்டுகிறவளைப் போல, ஒரு விரலை நீட்டி அவளைக் காட்டியது.

சின்னது வாயைத் திறந்தது.