கால் பவுன் பல்லி

இந்தக் காலத்தில் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கு வெட்கமென்பதே கிடையாது. வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும், குடை பறக்கும், ஒருமுறை பாதி தின்ற பரோட்டாப் பொட்டலமே பறந்தது. வயசான மனுசன் படியேறி மூச்சு வாங்கி நிற்பான். உட்கார்ந்திருக்கிற இளவட்டம் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். எவனை நம்பி எந்த ஊருக்குப் போவது...

சுருளியாண்டியின் எண்ணம் இதுதான். அறுபத்து நாலு வயது. ஓடைப்பட்டியில் ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம், ஒரே மகன் திருப்பூரில். வீட்டில் திட்டுவதற்கு ஆள் இல்லாததால் ஊரைத் திட்டிப் பழகிவிட்டார்.

அன்றைக்குத் தேனியில் திராட்சைக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், ஒரே ஒரு சீட்டுதான் காலி. அதிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரத்தில் பாதி நரைத்த தலையோடு ஒரு அம்மாள்.

“ஏம்மா, சீட்டு ஆளுக்கா டப்பாவுக்கா?”

“டப்பாக்குள்ளயும் ஒரு ஆளுதான் இருக்கு.”

“அந்த ஆளுக்கு டிக்கெட்டு எடுத்தாச்சா?”

“கண்டக்டர் கேட்டா எடுத்துக்கிறேன். நீங்க என்ன கண்டக்டரா?”

முன் சீட்டும் பின் சீட்டும் சேர்ந்து சிரித்தன. சுருளியாண்டிக்குக் காது சுட்டது. அந்த அம்மாள் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “உக்காருங்க... நிக்க வச்சு எதுக்குப் பாவம்” என்று திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தாள்... அவ்வளவுதான். மை இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றிலும் சுருக்கம் விழுந்த கண்கள். ஆனால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் பளிச்சென்று மினுங்குமே, அந்த மாதிரி. சுருளியாண்டி மருந்துப் பையைக் காலடியில் தள்ளிவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்.

வீரபாண்டி தாண்டும்போது மழை பிடித்தது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. சாரல் சுளீர் சுளீரென்று அடித்தது. அவளோ முந்தானையை எடுத்து டப்பாவைப் போர்த்தினாள். தோள் நனைகிறது, நெற்றியில் முடி ஒட்டுகிறது, கன்னத்தில் துளி இறங்குகிறது... துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. சுருளியாண்டி எழுந்து, எட்டி, ஒரே இழுப்பில் ஷட்டரை இறக்கினார்.

“என்னத்த அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீக? தங்கமா?”

“பல்லி.”

கிறுக்கு என்று முடிவு கட்டினார். ஆனாலும் எட்டிப் பார்த்தார். ஈரத் துணிமேல் ஒரு வீட்டுப் பல்லி கிடந்தது. தோலுக்குள் எலும்பை எண்ணிவிடலாம். இடுப்பெலும்பு ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. வாலே இல்லை.

“என் தம்பி கடையில எலிக்குப் பசை அட்டை வச்சுட்டு, ஒரு வாரம் கடையப் பூட்டிட்டுப் போயிட்டாக. எலி மாட்டல, இது மாட்டிருச்சு. அட்டையோட குப்பையில போடப் போனாக. புடுங்கி, கடலையெண்ணெய் போட்டு மெல்ல மெல்ல எடுத்தேன்.”

“வாலு?”

“அதுக்கு வாலுதான் குதிரு. பஞ்சத்துக்கு அதுலதான் சேத்து வைக்கும். அதையும் அட்டையிலயே விட்டுட்டு வந்திருச்சு.”

“பொழைக்காது.”

“எங்க சத்துணவுக் கூடத்துக்கு வந்த பிள்ளைகள்ல பாதிப் பேரப் பாத்து இப்படித்தான் சொன்னாக. அதுல ஒருத்தன் இப்ப கூடலூர்ல ஜீப் ஓட்டுறான், கதவுக்குள்ள நுழைய மாட்டான்.”

பேர் ஜோதிலட்சுமி. முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளர், போன வருஷம்தான் ஓய்வு. தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. இதையெல்லாம் சின்னமனூர் வருவதற்குள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இறங்கும்போது கேட்டாள்.

“உங்க தோட்டத்துல பூச்சி கிடைக்குமா? சின்னதா...”

“தோட்டத்துல பூச்சி கிடந்தா அப்புறம் நான் என்ன வெவசாயி?”

“சரி, வீட்டுச் செவுத்துலயாவது கிடக்கும்ல? மார்க்கெட்டுக்குப் பின்னாடி, நீலக் கேட்டு வீடு.”

போகக் கூடாது என்றுதான் இருந்தார். முன்பின் தெரியாத பொம்பளை, பூச்சி கேட்கிறாள்... என்ன உள்நோக்கமோ. நாலாம் நாள் தீப்பெட்டிக்குள் ஆறு ஈசலைப் போட்டுக்கொண்டு நீலக் கேட்டைத் தட்டினார்.

அதற்குப் பிறகு பார்த்ததை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு, கதகதப்புக்கு. படம் வரைகிற பிரஷை நனைத்துப் பல்லியின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வைப்பாள். அது நாக்கை நீட்டி நக்கும்வரை கையை அசைக்காமல் காத்திருப்பாள்... பத்து நிமிஷம் ஆனாலும். முட்டை ஓட்டைப் பொடித்துப் பூச்சிமேல் தூவி, முள் பிடுங்கும் சாமணத்தால் ஒன்றே ஒன்று கொடுப்பாள்.

“ஆறு இருக்குல்ல? போடுங்க எல்லாத்தையும்.”

“காஞ்ச வயித்துல ஒரேயடியாக் கொட்டுனாச் செத்துப் போகும். எலும்புந்தோலுமா வர்ற பிள்ளைக்கு மொத நாளே முழுச் சோறு போடுவாகளா?”

வாரம் ஒருமுறை அடுத்த வீட்டு நகை ஆசாரியின் தராசில் எடை. முதல் எடை ரெண்டு கிராம். “கால் பவுனுதான்யா இருக்கு” என்றார் ஆசாரி. மறு வாரம் அதற்கு மேலே ஒரு குன்றிமணி கூடியது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... சீதனமாக ஐம்பது பவுன் கிடைத்தவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

சுருளியாண்டி ஒரு பெண்ணை இப்படி வியந்தது கிடையாது. வியப்பென்று அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. சட்டையை மட்டும் இஸ்திரி போட ஆரம்பித்தார். இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தார். வயசுக்கு மரியாதையாக யாரையும் ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறவள், ஆசாரியைக்கூட ‘அண்ணே’ என்கிறவள், அவரை மட்டும் ‘தோட்டக்காரரே’ என்றாள். வாய் தவறிக்கூட முறை மாற்றவில்லை. ஏன்? தெரியாது... ஆனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனார்.

அங்கேதான் கோட்டை விட்டார்.

தீப்பெட்டி போதாதென்று ஒரு நாள் பெருமையாக ஒரு பாட்டில் நிறைய அந்துப்பூச்சி கொண்டுபோனார். திராட்சைப் பந்தலுக்கடியில் விளக்கு வைத்துப் பிடித்தது. “இந்தா, ஒரு மாசத்துக்குக் காணும்!” என்று நீட்டினார். அவளும் ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் போனால் கேட்டுத் திறந்தே கிடந்தது. ஜோதிலட்சுமி டப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பல்லி மல்லாந்து கிடந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கண்ணாடியில்கூட ஒட்டி ஏறுகிற விரல்கள் ஈரத்துணியைக்கூடப் பிடிக்க முடியாமல் நழுவின.

“பந்தலுக்கு எப்ப மருந்து அடிச்சீக?”

“பூச்சி புடிச்சதுக்கு மொத நாளு...” சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வீம்பு வந்துவிட்டது. “மருந்தடிக்காம தெராச்ச விளைய வைக்க நான் என்ன மந்திரவாதியா? ஒரு பல்லிக்குப் போயி...”

அவள் சத்தம் போடவில்லை. பிரஷை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

“அண்ணே, நீங்க இனிமே இங்கன வர வேண்டாம்.”

வர வேண்டாம் என்றது வலிக்கவில்லை. அந்த முதல் வார்த்தை... அது பிடரியில் விழுந்த அடி மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்து ரெண்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மருந்தடிக்கிற கூலியாள் வந்து நின்றான். கிணற்றடியில் தனியாக ஒரு சின்னப் பந்தல். காய் நல்ல பிடிப்பு. சுருளியாண்டி அதைக் காட்டிச் சொன்னார்: “அதை மட்டும் விட்டுரு.”

“மழைக்காலம்ணே. விட்டா சாம்பல் நோய் தின்னுரும்.”

“தின்னா எனக்குத்தான் நட்டம். ஒனக்கென்னலே?”

தின்றது. இலையெல்லாம் வெளுத்து, குலை குலையாகக் கருகி உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பிச்சைமணி வேலியோரம் நின்று கேட்டார். “என்ன சுருளி, நோவு கொடிக்கா, ஒனக்கா?” சுருளியாண்டியோ, அடித்த மழையில் பழைய மருந்தெல்லாம் கழுவிப் போகட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தார். பிறகு அந்த நோய்ப் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து பூச்சி பிடித்தார். முழங்கால் கெஞ்சியது.

நீலக் கேட்டுக்கு வெளியே நின்றபடியே தீப்பெட்டியை நீட்டினார்.

“மருந்து படாதது. நம்புனா நம்புங்க, நம்பாட்டி வீசிருங்க. உசுரோட இருக்கா?”

“இருக்கு.” தீப்பெட்டியை மோந்து பார்த்தாள். “எங்கன புடிச்சது?”

“குப்பைமேட்டுல.” வந்த வழியே திரும்பிவிட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதிலிருந்து ரெண்டு நாளைக்கு ஒரு தீப்பெட்டி, கேட்டு இடுக்கில். பேச்சு கிடையாது.

ஒரு மாசம் போனது. ஒரு நாள் தீப்பெட்டியைச் சொருகிவிட்டுத் திரும்பினால் குரல் கேட்டது.

“உள்ள வாங்க தோட்டக்காரரே.”

தோட்டக்காரரே! ஏழு வாரம் கழித்து... சுருளியாண்டி செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போய், திரும்ப வெளியே வந்து கழற்றிவிட்டுப் போனார்.

“எங்க தெருப் பவானி ஒங்க ஊருக்குத்தான் பழம் வெட்ட வருது. கெணத்தடிப் பந்தலப் பத்திச் சொல்லுச்சு.”

“அது... கொடி வயசாயிருச்சு.”

“பொய் சொல்ல வரல உங்களுக்கு. இங்கன பாருங்க.”

பார்த்தார். பல்லி தடித்திருந்தது. தோல் மினுமினுத்தது. வால் இருந்த இடத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குப் புது வால், மழுங்கலாக, கொழுகொழுவென்று.

“ஆசாரி போட்ட எடை அரைப் பவுனு. இன்னைக்கு விட்டுருவோம்னு இருக்கேன். நீங்களும் இருக்கணும்னு தோணுச்சு.”

அடுப்படிச் சுவருக்கு முன்னால் மூடியைத் திறந்தாள். பல்லி தலையைத் தூக்கி அங்கேயும் இங்கேயும் பார்த்தது. சுவர் பக்கம் போகும் என்று ரெண்டு பேரும் குனிந்திருக்க, ஒரே தாவு... சுருளியாண்டியின் வழுக்கைத் தலையில் சொத்தென்று விழுந்து, அங்கிருந்து சுவருக்குத் தாவி, பரணுக்கடியில் மறைந்துவிட்டது.

சுருளியாண்டி சிலையாக நின்றார். பஸ்ஸை நம்பாதவர், பாங்கியை நம்பாதவர், பல்லி விழும் பலனை மட்டும் நம்புகிறவர். ஜோதிலட்சுமி ஆணியில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் படித்தாள்.

“தலை... கலகம்.”

“கலகந்தான் ஏற்கெனவே வந்து போயிருச்சே!” என்றார் பரிதாபமாக. “காஞ்சிபுரம் போயித் தங்கப் பல்லியத் தொட்டாத்தான் தோசம் போகும். இந்த முழங்காலோட எங்கன போக?”

“தொட்டவுகளத் தொட்டாலும் போகும்னு சொல்லுவாக. நான் ரிட்டயர்டு ஆன கையோட போயிட்டு வந்தேன்.” காலண்டரை விட்டுவிட்டுத் திரும்பினாள். “தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி ரெண்டையும் தொட்டேன்.”

வெளியே தூறல் தகரத்தில் பொடிப் பொடியாக விழுந்தது.

“கால... தொடணுமா?”

“ஆம்பளைக்கு வீம்பப் பாரு. கையே போதும்.”

நீட்டினாள். எண்ணெயும் முட்டை ஓட்டுப் பொடியும் பழகிய கை. எத்தனையோ நோஞ்சான் பிள்ளைகளுக்கு ஊட்டிய கை. சுருளியாண்டி ஒற்றை விரலால், சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி தொட்டார். அப்புறம் ரெண்டு விரல். அப்புறம்...

“போயிருச்சு தோசம். கைய எடுக்கலாம்.”

“இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு.”

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், கண் காட்டிக்கொடுத்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே சுருளியாண்டி சொன்னார். படிக்காத வாய்க்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வந்தது.

“பல்லிக்காக நான் இத்தன நாளு வரல. வீட்டுல ஆள் இல்ல... ஆள் வேணும்னு இல்ல. நீங்கதான் வேணும். என்னைய அண்ணேன்னு மட்டும் இன்னொரு தடவ கூப்பிட்டுறாதீக.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு அறுபத்தொண்ணு.”

“தெரியும்.”

“ஊரு சிரிக்கும்.”

“எம் பந்தலப் பாத்து ஏற்கெனவே சிரிச்சு முடிச்சிட்டாக.”

“சரி” என்றாள். “உங்க மகன்கிட்டச் சொல்லிருங்க. வீரபாண்டிக் கோயில்ல ரெண்டு மாலை... போதும்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்களேன்.”

“ஒரு மாசமா யோசிச்சுட்டுத்தான் உள்ள கூப்பிட்டேன். போங்க, பஸ்ஸு வந்துரும்.”

சுருளியாண்டி கேட்டைத் தாண்டினார். நாலு எட்டு வைத்ததும் நின்று, “மனசு மாறிட்டா மொதல்லயே சொல்லிருங்க” என்றார். நிலைப்படியில் சாய்ந்து நின்றவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மார்க்கெட் முக்கில் மறுபடி நின்று திரும்பினார். இன்னும் அங்கேயேதான் நின்றாள், தூறலில் நனைந்துகொண்டு. அதெப்படி... கேட்டதும் ஒரு பொம்பளை சரி என்பாளா? அதுவும் இந்த மூஞ்சிக்கு? எங்கேயோ இடிக்கிறதே என்று முணுமுணுத்தபடி, நம்பிக்கையே இல்லாமல், சுருளியாண்டி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.