ரிவர்ஸில் ஒரு மொட்டைத்தலை

"ஐயோ...!"

அலறல் காருக்குப் பின்னாலிருந்து வந்தது.

அதற்கு அரை நொடி முன்னால்... 'தொப்'!

கோகுலகிருஷ்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்தான்.

கோலாலம்பூரில் பத்து வருடமாகக் கிளட்ச் இல்லாத காரையே மிதித்துப் பழகிய கால் அது. திருப்பதி ஏர்போர்ட் வாசலில் எடுத்த வாடகைக் காரில் கிளட்ச் என்று ஒன்று இருப்பதை மறந்து தொலைத்துவிட்டது. வண்டி பின்பக்கமாக ஒரு குதி குதித்துத்தான் நின்றது.

கண்ணாடியில் பார்த்தான்.

மழித்த தலை... பூசிய சந்தனம்... மஞ்சள் புடவை... மெல்லச் சரிந்து மறைந்தது!

'சித்தூருக்குப் பெண் பார்க்க வந்தவன், வழியிலேயே ஒரு பெண்ணை முடித்துவிட்டேனா?'

இறங்கி ஓடினான். வண்டியை வாடகைக்கு விட்ட பாலையா பாய்ந்து வந்து மடக்கினான்.

"பாக்காதீங்க சார்! ரத்தம்!"

"உயிர் இருக்கா?"

"மீரு ரண்டி சார்... நீங்க வாங்க, தண்ணி குடிங்க."

தோளை அணைத்து ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது...

காருக்குப் பின்னால் யாருமே இல்லை!

"எங்கே அந்தம்மா?"

"போற எடத்துக்குப் போயிடுச்சி சார்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"போலீஸ் வந்தா பாஸ்போர்ட்டப் புடுங்கிக்குவாங்கோ. கெளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

"செத்துட்டாங்களா, இல்லையா? அதைச் சொல்லுய்யா!"

"சித்தூர் ரோடு லெஃப்ட்டு சார்."

கிளம்பினான். கிளம்பியிருக்கக் கூடாது. தெரிந்தே கிளம்பினான்.

சந்திரகிரி தாண்டியதும் அது ஆரம்பித்தது.

எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னலில் ஒரு மொட்டைத்தலை. டீக்கடையில் ஒரு மொட்டைத்தலை. மலையிலிருந்து இறங்கிய கூட்டம் முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்... அத்தனையும் அவனையே பார்த்தன!

போன் அலறியது. பெண்ணின் அப்பா சந்திரசேகர்.

"எங்க வந்துகினு கீறீங்க மாப்ள? கேசரி ஆறிப்போவுது."

"பக்கத்துல வந்துட்டேன் மாமா."

"கூட யாரு? பொம்பள மொனகுற மாதிரி கேக்குதே?"

கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னான்.

"யா... யாரும் இல்லையே!"

"இல்ல மாப்ள... நல்லாக் கேக்குது."

போனை அணைத்தான். இப்போது அவனுக்கும் கேட்டது!

"தண்ணி..."

பின்சீட்டுக்குக் கீழேயிருந்து மஞ்சள் புடவை எழுந்தது. அதன் மேல் அந்தச் சந்தன மொட்டை. நெற்றியில் ரத்தக் கோடு!

பாகாலாவுக்கு முன்னால் ஒரு மாந்தோப்பு ஓரமாக வண்டி குலுங்கி நின்றது.

"அம்மா! வேணும்னு பண்ணலம்மா! காளஹஸ்தியில பரிகாரம் பண்ணிடறேன்... விட்டுடும்மா!"

"பேய் தண்ணி கேக்குமா நைனா? பாட்லக் குடு மொதல்ல."

கொடுத்தான். திரும்பிப் பார்க்காமலே நீட்டியதில் பாதி சீட்டுதான் குடித்தது.

"எம் பேரு சென்னம்மா. எறங்கிப் போய் டிக்கியத் தொற."

திறந்தான். சாக்கை விலக்கினான்.

கட்டை கட்டையாக... செம்மரம்!

"வாடகைக்கு எடுக்கறவங்க வண்டியச் சுத்தி வீடியோ எடுப்பாங்கோ இல்ல? நீயும் எடுத்த. டிக்கிகிட்ட போறதுக்குள்ள பாலையா இன்னா சொன்னான்?"

"ஷெட்டு நிழல்ல வீடியோ சரியா வராது, ரிவர்ஸ்ல வெளிய எடுங்கன்னு..."

"எடுத்தா நான் பின்னால தட்டிட்டு விழுவேன். பயந்துகினு டிக்கியப் பாக்காமலே ஓடுவீங்க. சித்தூர்ல ராவோட ராவா எறக்கிக்குவான். நடுவுல செக்போஸ்ட்ல மாட்டினா... உள்ள போறது நீ!"

"மொட்டை?"

"திருப்பதில மொட்டச்சின்னு எவளப் புடிப்பான் போலீஸு?"

அவள் குரல் திடீரென்று இறங்கியது.

"போன மாசம் ஒரு புள்ள மாட்டிக்கினான். உன் வயசுதான். கண்ண மூடுனா அவன் மூஞ்சிதான் வருது. இன்னிக்கி நீ தண்ணி குடிக்க ஷெட்டுக்குள்ள போனப்ப ஊந்து வந்து இதுல ஏறிக்கினேன். அப்பால மயக்கம். ஸ்டேஷனுக்கு ஓட்டு. எல்லாத்தயும் சொல்லிடறேன். என்னயும் புடிச்சிப் போடட்டும்."

கோகுலகிருஷ்ணன் டிக்கியைச் சாத்திவிட்டு முன்சீட்டுக்கு வந்தான். ஆனாலும் அந்த 'தொப்' இன்னும் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு நேரா சொல்லும்மா. நான் உன்னை இடிச்சேனா, இல்லையா?"

சென்னம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது!

"எத்தினியோ வண்டி பின்னால பொய்யா வுழுந்துகீறேன். ஒரு வண்டியும் எம் மேல பட்டதில்ல. நெசமாவே இடிச்சது நீதான்டா நைனா... பொண்ணு வூட்ல போய் டிரைவிங் தெரியும்னு மட்டும் சொல்லிடாத!"