எண்பதுக்கு மேல் ஏற்றாதவர்

வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் செவ்வாய்வாசிகள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். அடுத்து, விலாவுக்குக் கீழே இருக்கும் சிறு மூடியைத் திறந்து, சுவர் மின்சாரத்தில் தங்களைச் சொருகிக்கொள்வார்கள். காபியெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே காற்று அப்படி. நுரையீரலுக்குத் துணையாக நெஞ்சில் ஒரு மூச்சுப்பொறி. அதை ஓட்ட நெஞ்சுக்கலம் என்கிற ஒரு பேட்டரி. கலம் சதையோடு ஒட்டி வளர்ந்துவிடுவதால் மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை.

ஆவுடையப்பன் கடைசியாக வெளியே போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கலம் கெடும், நாற்பதுக்குக் கீழே இறக்கினால் தேயும் என்று கையேட்டில் படித்த நாளோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். மணிக்கட்டு அளவுமானி எண்பதிலேயே நிற்க, மூச்சுப்பொறி சுவர் மின்சாரத்திலேயே ஓட, ஆறு மீட்டர் வயரில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே குடித்தனம் நடத்தினார். புதுக் கார் சீட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்காமலே காரை விற்ற வம்சம் அது. கிரகம் மாறினால் புத்தி மாறிவிடுமா என்ன?

“ஏங்க, அடுத்த வாரம் பார்வைக்குன்றை இடிக்கப் போறாங்களாம். ராக்கெட் இறங்க இடம் வேணுமாம்” என்றாள் அவர் மனைவி சங்கரவடிவு, ஒரு நாள் காலையில்.

செவ்வாய்க்கு வந்த புதிதில் இருவரும் வாரம் தவறாமல் அந்தக் குன்றுக்குப் போவார்கள். சூரியன் விழுந்ததும் மேற்கே நீலமாய் ஒரு புள்ளி, பூமி. ஒட்டினாற்போல் இன்னொரு பொடிப்புள்ளி, நிலா. “அந்தா பாரு, தென்காசியில சாரல் விழுது” என்பார். “ஆமா, உங்களுக்கு மட்டும் தெரியும்!” என்று அவள் இடிப்பாள். கலத்தில் மூன்று சதவீதம் மிச்சமிருக்க, மூச்சிரைக்க, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சிரித்துக்கொண்டே வீடு சேர்வார்கள். என்ன காலம் அது! அந்த மனிதரைத்தான் வடிவு இத்தனை வருடமாக இந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு தடவை, சேர்ந்து பாத்துட்டு வந்துருவோம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நாலு மணி நேரம் வயர் இல்லாமலா? விளையாடுறியா? நாளைக்கு ஒரு அவசரம்னா கலம் வேணும்லா?”

“இருபத்திரண்டு வருஷமா அந்த அவசரம் வரலையே. வழி தெரியாம நிக்குதோ என்னவோ!”

வடிவு விடவில்லை. கலப் பரிசோதகரையே வீட்டுக்கு வரவழைத்தாள். ஜெசிந்தா என்ற அந்த இளம்பெண் அவர் விலாவில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க ஐயா. ஆனா, ஓடினாத்தான் கலம் தேயும்னு இல்ல. சும்மா கிடந்தாலும் அதுக்கு வயசாகும். இப்பப் பாதிதான் தாங்கும்.”

“பாதியா! இவளுக்கு?”

“அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதேதான்.”

தினமும் சந்தைக்கும் பாட்டு வகுப்புக்கும் அலைந்தவள் வடிவு. ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

“குன்றுக்குப் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துருங்க. அடுத்த வருஷம் எப்படியோ, சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜெசிந்தா.

அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். “பயணத்துக்காவது நூறு ஏத்திக்கோங்களேன்” என்றாள் வடிவு. “எண்பது போதும். கெட்ட பழக்கம் வேண்டாம்” என்றார்.

குன்றின் உச்சியை அடையும்போது அளவுமானியில் அறுபத்தைந்து. செவ்வாயில் சூரியன் விழும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகும். அந்த நீலம் வடிந்ததும் பூமி தெரிந்தது. வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாருங்களேன், என்ன துலக்கமா இருக்கு!” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

“ம்... பாக்கேன்” என்றார். அறுபத்திரண்டு. குளிரில் கலம் சீக்கிரம் இறங்குமாமே? வீடு சேர ஒன்றரை மணி நேரம். நாற்பதைத் தொட்டுவிடாமல் போய்விட முடியுமா? ஐம்பத்தெட்டு. பஸ் தாமதமானால் என்ன செய்வது? மனதுக்குள் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தார்.

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தனியாகவே மேற்கே திரும்பிக்கொண்டாள்.

ஐம்பத்தைந்தில் கணக்கு சரியாக வந்தது. அப்பாடா என்று தலை நிமிர்ந்தார். மேற்கே வெறும் இருட்டு.

“பூமி எங்கே, வடிவு?”

“இறங்கிருச்சு.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா!”

“உங்க பக்கத்துலதான நின்னேன்?”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மணிக்கட்டு அளவுமானி பேசிவிட்டது, குன்றில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி:

“வாழ்த்துகள்! இதே வேகத்தில் நாற்பதுக்குக் கீழே இறங்காமல் வீடு சேர்வீர்கள். உங்கள் பராமரிப்பு முன்மாதிரியானது.”