கால் பார்க்கும் நேரம்

நினைவுக் கோப்பைப் பந்தயத்துக்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில் ஜாக்கியும் அவன் மனைவியும் லாயத்துக்கு வந்தார்கள். கோப்பை மனைவியின் அப்பா பெயரில். பந்தய உலகமே பெரியவர் என்று அழைத்த மனிதர். அவர் காலமான பிறகு குதிரைகளைப் பழக்குவது மகள்தான். நாளைக்கு ஓடும் சாம்பல் நிறக் குதிரை அவள் தயார் செய்தது, ஓட்டப்போவது புருஷன். வீட்டுக் கோப்பை வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்லிவைத்தார்கள்.

ஜாக்கி ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு குதிரை உதைத்ததில் இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஏதோ ஆகியிருந்தது. டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்பார். மனைவியிடம் சொன்னால் அவள் டாக்டரையே மிஞ்சிவிடுவாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, நொண்டாமல் நடந்துகொண்டிருந்தான். மாமனார் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டு, வெட்கப்பட்டான்.

ஏனென்றால் பெரியவர் கையை ஏமாற்ற முடியாது. தினமும் மாலையில் ஒவ்வொரு குதிரை முன்னாலும் குந்துவார்; முட்டி சொடுக்கும். முன்னங்காலைத் தூக்கி, முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே வருவார். உள்ளே எங்காவது சூடு இருந்தால் கை அங்கே நின்றுவிடும். இது ஓடாது என்று அந்தக் குதிரைக்குப் பொறுப்பானவர் தன் வாயால் சொல்லும்வரை காலை விடமாட்டார். எந்த முதலாளி வந்து கெஞ்சியும் அந்தப் பிடி தளர்ந்ததில்லை.

லாயக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். "கொஞ்ச நாளா இந்த நேரத்துல நான் உள்ள போறதில்லம்மா," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, நீங்களே பாருங்கள் என்று விளக்கை மட்டும் போட்டார். வயதானால் நிழலுக்குக்கூட மரியாதை கொடுக்கத் தோன்றும் என்று ஜாக்கி கேலி செய்தபடி உள்ளே நுழைந்தான்.

வைக்கோல் வாசனைக்கு நடுவே தைல வாசனை வந்தது. பெரியவர் கையில் தேய்த்துக்கொள்ளும் தைலம். அந்தப் புட்டியை அவருக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. குதிரைகள் தீனி மெல்லுவதை நிறுத்தியிருந்தன.

முதல் கொட்டடியில் முட்டி சொடுக்கியது.

அங்கிருந்த குதிரை இடது முன்னங்காலைத் தூக்கியது. யாரோ தாங்கிப் பிடித்திருப்பதுபோல் பாரத்தை விட்டுவிட்டு நின்றது. கால் இறங்கியது. வலது கால் எழுந்தது. அதுவும் இறங்கியது.

அடுத்த கொட்டடியில் முட்டி சொடுக்கியது.

மனைவி அவன் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவளுக்குப் பயத்துக்கு முன்னால் ஏக்கம்தான் வந்தது. அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். சத்தம் ஒவ்வொரு கொட்டடியாக அவர்களை நோக்கி வந்தது. கடைசியில் நின்றது சாம்பல் குதிரை. அதன் கால் எழுந்தபோது ஜாக்கிக்கு மூச்சே நின்றுவிட்டது. இரண்டு காலும் எழுந்தன, இறங்கின. கை எங்கும் தயங்கவில்லை.

"பாத்தியா, மாமாவே பாஸ் போட்டுட்டாரு," என்று கிசுகிசுத்தான்.

அதற்குப் பிறகு குதிரை இல்லை.

முட்டி சொடுக்கியது. அவன் காலடியில்.

இடது கால் தரையை விட்டு எழுந்தது. அவன் தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான். ஒரு உள்ளங்கை, வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல், முழங்காலிலிருந்து இறங்கியது. கணுக்காலுக்கு மேலே வந்து நின்றது.

கட்டைவிரல் அமுக்கியது.

அவன் அலறினான். ஒரு குதிரைகூட மிரளவில்லை.

மனைவி அந்தரத்தில் நின்ற காலைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் மறைத்தது என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இவரு நாளைக்கு ஓட்டமாட்டாருப்பா. விட்டுடுங்க."

கால் பொத்தென்று விழுந்தது.

வலியைவிட ரோஷம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அந்தக் கோப்பையை வேறொருவன் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியாது.

"யாரக் கேட்டு சொன்ன? நாளைக்கு நான் ஓட்டத்தான் போறேன்."

அவள் அவன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி சொடுக்கியது.

இந்த முறை எழுந்தது வலது கால். அதில் அவனுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. கை முழங்காலில் தொடங்கிக் கீழே வந்தது. பாதியில் நின்றது. பிறகு மெல்ல மெல்லப் பிடியை இறுக்கத் தொடங்கியது.