நாச்சியாபுரத்துக்கு நடந்து வந்தவன்

சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலில் நாச்சியாபுரம் தெருவில் காக்கை கூட இறங்காது. அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து வந்த வாடகைக் கார் பெரிய வீட்டு வாசலில் நின்றது.

வீட்டுக்காரர் விசாலி ஆச்சி சென்னையில் மகனோடு இருந்தார். விருந்தினர் விடுதியாகிவிட்ட அந்த வீட்டைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்வது ஈஸ்வரிதான். கல்லலிலிருந்து காலையில் பஸ்ஸில் வருவாள். விருந்தாளி இருந்தால் இரவும் தங்குவாள். காவலுக்குப் பெத்தன்.

காரிலிருந்து இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். கதவு நிலைக்குத் தலையைக் குனிய வேண்டிய உயரம். பெயர் ஹார்க். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டார்.

"இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"தொண்டிதான் பக்கம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்," என்றாள் ஈஸ்வரி, பழகிப்போன தன் ஆங்கிலத்தில்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்," என்றார் அவர்.

வாசற்படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினார். தெருவைவிட வீடு ஏன் இத்தனை உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். எல்லா விருந்தாளிக்கும் சொல்வதையே ஈஸ்வரி அவருக்கும் சொன்னாள். ஆச்சியின் முன்னோர்கள் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர்கள். கடல் பொங்கி ஊரையே கொண்டு போயிற்று. தப்பி வந்தவர்கள் தண்ணீரே இல்லாத இந்தச் சீமையில் குடியேறின பிறகும் அந்தப் பயம் விடவில்லை; வீட்டை உயர்த்தியே கட்டினார்கள்.

ஹார்க் நின்று கேட்டார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்கள் கதையும் இதுதான்."

அவர் ஜெர்மனி நாட்டுக்காரர்தான், ஆனால் ஜெர்மானியர் இல்லையாம். ஃபிரீசியர். தனி மொழி, தனிப் பழக்கம். வடகடல் ஓரத்தில் மேசை போலத் தட்டையான தீவுகள். மண்ணைக் குவித்து மேடாக்கி, அந்த மேட்டின் மேல்தான் வீடு. புயல் அடித்தால் கடல் வயலை மூடி வாசல் வரைக்கும் வந்துவிடும். ஆட்டையும் மாட்டையும் மேட்டுக்கு ஓட்டி வந்து வீட்டுக்குள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வடிகிற வரை காத்திருப்பார்கள். அறுநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ரூங்ஹோல்ட் என்று ஒரு செழிப்பான ஊர் ஒரே புயலில் மூழ்கிப் போயிற்று. அதன் மணியோசை இன்னும் கேட்கிறது என்பார்கள்.

மூன்று நாள் அவர் நல்ல விருந்தாளியாகவே இருந்தார். கொண்டு வந்திருந்த தேயிலையில் தானே டீ போட்டுக்கொண்டார். கோப்பையில் கல்கண்டைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றி, அது படபடவென்று வெடிப்பதைக் காது கொடுத்துக் கேட்பார். மேலே கொஞ்சம் பாலேடு. கலக்க மாட்டார்.

"கலக்காமக் குடிச்சா எப்பிடித்தா இனிக்கும்?" என்றார் பெத்தன்.

"கடைசி மடக்குலதான் இனிக்குமாம்ண்ணே. அவுக ஊர்ல அப்பிடித்தான்."

நாலாம் நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றப் போன ஈஸ்வரி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலின் ஒரு பாதி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால்தடங்கள். செருப்பில்லாத பெரிய பாதங்கள். தடங்களில் சாம்பல் நிறச் சேறு. செட்டிநாட்டுச் செம்மண் இல்லை.

ஹார்க் நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிய விடியத் தூங்காத கண்கள்.

"அவன் என் பக்கத்தில் படுத்திருந்தான்," என்றார்.

"யாரு?" என்று ஈஸ்வரி தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

அவர் சொன்னார். அவர் தீவில், கடலில் செத்து உடல் கரை சேராதவர்கள் திரும்பி வருவார்கள். நடந்தே வருவார்கள். அப்படி வருகிறவனுக்குக் கோங்கர் என்று பேர். விளக்கு வைக்கும் நேரத்தில் ஈர உடையோடு உள்ளே வந்து விளக்கை அணைப்பான். போகும்போது தரையில் உப்புத் தண்ணீரை விட்டுப் போவான்.

"என் தம்பி தாமென். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் இறால் பிடிக்கப் போனோம். நவம்பர் மாதம். படகு கவிழ்ந்துவிட்டது. ஒருத்தரை மட்டும் தாங்குகிற மிதவைதான் மிஞ்சியது. நான் ஏறிவிட்டேன். அவன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். மிதவை சாய்ந்தது."

அவர் தன் கையைப் பார்த்தார்.

"என் இடுப்பில் ஸ்பானர் இருந்தது. ஒவ்வொரு விரலாக அடித்தேன், ஈஸ்வரி. அவன் அண்ணா என்று கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்."

ஊர் ஊராக ஓடினார். மலையடிவாரத்தில் இரண்டு வருடம். பாலைவனத்தில் ஒரு வருடம். தாமென் நடந்து வந்துகொண்டே இருந்தான். தூரம் அதிகமானால் வந்து சேர நாளாகும், அவ்வளவுதான்.

ஈஸ்வரி வெளியே வந்து ஆச்சிக்குப் போன் போட்டாள்.

"கிறுக்கோ என்னவோ, நமக்கு வேணாம்டி," என்றார் ஆச்சி. "நாளைக் காலம்பற காரை வரச் சொல்லி அனுப்பிச்சுரு. நீ ஒத்தையா இருக்காத."

"பெத்தண்ணே இருக்காக ஆச்சி."

ஹார்க் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: இன்று மாலை தன்னைத் தனியாக விட வேண்டாம். ஈஸ்வரி சரி என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பிறகு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாலை ஆறே காலுக்குக் கரண்ட் போனது.

வானம் பார்த்த முற்றத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஈஸ்வரி பித்தளைக் குத்துவிளக்கை ஏற்றி முற்றத்தை ஒட்டிய தூணடியில் வைத்தாள். ஹார்க் அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். பெத்தன் முன்கதவைச் சாத்தப் போனார். காற்றே இல்லை. புழுக்கத்தில் கழுத்து வழியாக வேர்வை இறங்கியது.

முதலில் வாடைதான் வந்தது. அழுகிய பாசி. சேறு. துருப்பிடித்த இரும்பு.

வாசல் பக்கம் பெத்தனின் குரல்.

"யாருப்பா அது? இப்பிடி நனைஞ்சு போயி நிக்கிற? ஏ, அங்கனயே நில்லு."

ஈரக் காலடி ஒன்று கல்லில் சப்பென்று விழுந்தது.

"நில்லுங்கிறேன்ல!"

கதவு நிலையில் ஏதோ மோதியது. வீடே அதிர்ந்தது. மறுபடியும் மோதியது. இரண்டாவது சத்தத்தில் எலும்பு முறிகிற ஓசையும் இருந்தது. பெத்தன் அலறவில்லை. தண்ணீருக்குள் மூச்சு விடுவதைப் போல ஒரு களகளப்பு. அப்புறம் அதுவும் இல்லை.

"பெத்தண்ணே?"

நடையின் இருட்டிலிருந்து பெத்தன் வந்தார். நடந்து வரவில்லை. பின்கழுத்தைப் பிடித்து எதுவோ அவரை இழுத்து வந்தது. கால்கள் தரையில் தேய்ந்தன. முற்றத்தின் ஓரத்தில் அவரைப் போட்டபோது தலை முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. வாய் நிறையச் சாம்பல் சேறு.

அவருக்குப் பின்னால் அவன் நின்றான்.

ரப்பர் கால்சட்டை கிழிந்து தொங்கியது. முகம் தண்ணீரில் ஊறி வெளுத்து உப்பியிருந்தது. கண்கள் இருந்தன. கைகளைத்தான் ஈஸ்வரியால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவன் குனிந்து குத்துவிளக்கை ஊதினான்.

கணுக்காலில் குளிர்ந்த தண்ணீர். நாலு மாதமாக ஒரு பொட்டு மழை பெய்யாத முற்றம், ததும்பி வழிந்துகொண்டிருந்தது.

"ஹார்க்," என்றது அந்தக் குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற குரல்.

ஹார்க் தன் மொழியில் கெஞ்சினார். அவன் அவர் காலைப் பிடித்தான். ஒரே இழுப்பு. தூணிலிருந்து பிய்ந்து முகம் தரையில் மோத விழுந்தார். பற்கள் உடைந்து சிதறின. இன்னொரு இழுப்பில் முழங்கால் மூட்டு கழன்றது. அலறிக்கொண்டே கையை வீசினார். கைக்கு அகப்பட்டது ஈஸ்வரியின் இடது மணிக்கட்டு.

"விடாதே! விடாதே, ஈஸ்வரி!"

அவள் விடவில்லை. கடவுளுக்குத் தெரியும், முதலில் அவள் விடவே இல்லை. தூணில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. முற்றத்துக்குள் அவர் இடுப்பு வரை போனார். ஒரு சாண் ஆழம்தான் அந்த முற்றம். ஆனால் அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். மார்பு வரை. கழுத்து வரை. ஈஸ்வரி வழுக்கி விழுந்தாள். அவள் முகமும் தண்ணீருக்குள் போயிற்று. உப்பு. மூக்கிலும் வாயிலும் உப்பு. கீழே தரை இல்லை. கண் திறந்தபோது கறுப்பு ஆழம் மட்டுமே தெரிந்தது.

கல்லலில் மகள் துர்காதேவி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு ஓடியது.

தலையைத் தூக்கி மூச்சு வாங்கினாள். வலது கை தரையைத் துழாவியது. குத்துவிளக்கு தட்டுப்பட்டது.

"கையை விடுங்க!" என்று கத்தினாள். "என்னை விட்ருங்க!"

அவர் விடவில்லை. இன்னும் இறுக்கினார்.

அவள் விளக்கின் அடிப்பாகத்தால் அவர் விரலில் அடித்தாள்.

மறுபடியும் அடித்தாள்.

மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்குவது அவள் கைக்கே தெரிந்தது. நாலாவது. ஐந்தாவது. ஹார்க் கத்துவதை நிறுத்தியிருந்தார். தண்ணீருக்கு மேல் தெரிந்த கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கோபம் இல்லை. கடைசி விரலும் நழுவியது.

தண்ணீர் அவர் மேல் மூடிக்கொண்டது.

கரண்ட் வந்தபோது முற்றத்தில் ஒரு சாண் சேற்றுத் தண்ணீரும், பெத்தனின் உடலும், தூணடியில் சுருண்டு கிடந்த ஈஸ்வரியும்தான் மிச்சம்.

போலீஸ் வந்தது. விசாரணை நடந்தது. பெத்தனின் நுரையீரலில் உப்புத் தண்ணீர் இருந்ததை எழுதிக்கொண்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முற்றத்தை உடைத்துத் தோண்டினார்கள். கட்டாந்தரை. ஹார்க் காணாமல் போனவர் ஆனார். அவர்தான் பெத்தனைக் கொன்றுவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஈஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர.

பெத்தனின் மனைவி சோணையம்மாள் பதினாறாம் நாள் அவளைத் தேடி வந்தார்.

"அந்த வெள்ளைக்காரரு உன் கையப் புடிச்சாராமே. இழுத்துக் காப்பாத்திருந்தா, என் வீட்டுக்காரரு எப்பிடிச் செத்தாகன்னு அவரு வாயாலயே சொல்லிருப்பாரேத்தா."

"வழுக்கிருச்சுக்கா," என்றாள் ஈஸ்வரி. "கைக்கு நிக்கல."

சோணையம்மாள் அழுதார். ஈஸ்வரியும் அழுதாள். ஆனால் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொள்ள மறக்கவில்லை.

மணிக்கட்டில் நாலு விரலும் கட்டைவிரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. பத்து நாளில் மறைந்துவிடும் என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். மறையவில்லை, இடம் மாறியது. அமாவாசையன்று காலையில் மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. தடம் முழங்கைக்குக் கீழே வந்திருந்தது. பௌர்ணமிக்கு முழங்கைக்கு மேலே. விரல்கள் நேராக இல்லை. கணுவுக்குக் கணு முறிந்து கோணியிருந்தன. முழுகுகிறவன் தன்னைப் பிடித்தவர் மேலேயே தொற்றி ஏறுவானாம். அப்படி ஏறிக்கொண்டிருந்தது அது.

கணவன் உடையப்பன் குன்றக்குடிக்குக் கூட்டிப் போனான். திருநீறு பூசி, கயிறு கட்டிவிட்டார்கள். ஈஸ்வரி நாச்சியாபுரத்து வேலையை விட்டாள். வைகாசி வெக்கையிலும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். துர்காதேவி பின்னால் நின்று துண்டால் துவட்டிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"அம்மா, தோள்ல என்னம்மா இது? தொடைக்கத் தொடைக்கத் தண்ணி ஊறுது."

ஈஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"கைத்தடம் தெரியுதா?"

"ஆமா. இந்தத் தோள்ல ஒன்னு, அந்தத் தோள்ல சாம்பச் சேறோட ஒன்னு. ரெண்டுலயும் விரலெல்லாம் ஒடைஞ்சு கெடக்கும்மா."

ஈஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் அடித்தது ஒரு கையைத்தான்.