அலுமாரிக்குள் ஒப்பாரி

பாட்டு முடிந்த பிறகு வந்த அமைதியில் யாரோ கதிரை இழுத்தார்கள். ஹெட்போனில் அது தெளிவாகவே கேட்டது. சிமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கால் உரசி வந்து நின்றது; பிறகு, கனத்த உடம்பு ஒன்று உட்காரும்போது எழுகிற சின்ன முனகல். அலுமாரிக்குள் நின்று பாடிய சீதா அதன் கதவை விலக்கி எட்டிப் பார்த்தாள். வீட்டில் இருந்ததே ஒரு கதிரைதான். அதன்மேல் லேப்டொப் இருந்தது. வைத்தது வைத்தபடியே இருந்தது.

கீழ்வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கீழ்வீட்டுச் சத்தம் காலடியிலிருந்து வர வேண்டும். இது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அது டீசல் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்த வருடம். பொழுது சாயும் நேரத்தில் கரண்டை நிறுத்துவார்கள். கண்டி முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, அம்பிட்டிய மேட்டில் மாடிவீட்டு வாடகைக்காரி சீதா மட்டும் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருப்பாள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜின் உறுமல் நிற்கும். பக்கத்து வீட்டு டீவி வாயை மூடும். முச்சந்தியில் உள்ள அரைக்கும் மில் அடங்கும். பாட்டுப் பதிவதற்கு அப்படியொரு அமைதியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் முத்துலிங்கம். தெல்தோட்டைப் பக்கம் அவளோடு ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவன். சீதாவின் வீட்டில் கை நனைக்காத நாள் அவனுக்குச் சிறுவயதில் இருந்ததில்லை. இப்போது கட்டுகஸ்தோட்டையில் சொந்த வீடு கட்டி, கீழ்த்தட்டை ஸ்டூடியோவாக்கி, கழுத்தில் ஹெட்போனைச் சங்கிலி மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறான். சீதா கண்டியில் ஒரு புடவைக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவள். புருஷன் ராஜலிங்கம் கொழும்பில் இருக்கிறான். மகள் டிலுக்‌ஷி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். துணியை மடித்தபடி சீதா தானே கட்டிய மெட்டுகள் இரண்டு இருந்தன. அவை என்றாவது தன் குரலில் வெளிவர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

முத்துலிங்கம் ஒரு மைக்கும் பழைய லேப்டொப்பும் கொடுத்தான். அலுமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றி, சேலைகளைத் தொங்கவிட்டு, பின்னால் மெத்தையைச் சாத்தி, அதற்குள் நின்று பாடச் சொன்னான். காற்று மைக்கில் மோதாமல் இருக்க, கம்பியை வட்டமாக வளைத்து அதில் பெண்கள் காலில் போடும் நைலோன் ஸ்டொக்கிங்ஸ் ஒன்றை இழுத்துக் கட்டினான். பாடுவதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும், வெறும் வீட்டின் சத்தமும் பதிவாக வேண்டும், அதை வைத்துத்தான் இரைச்சலைக் கழுவுவேன் என்றான். அந்த வெறும் வீட்டின் சத்தத்தில்தான் இப்போது கதிரை இழுபட்டது.

பாட்டு ஒப்பாரி. செத்த வீட்டு ஒலிபெருக்கியில் போடுவதற்குக் கம்பளைப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள், தாய்க்கும் புருஷனுக்கும் ஏற்கனவே இருக்கிறது, பிள்ளைக்குப் பாடும் ஒப்பாரி ஒன்றுதான் குறை என்றான். அதைப் பாடிக் கொடுத்தால் அவளுடைய இரண்டு மெட்டையும் ஸ்டூடியோவில் வைத்து, தபேலா, புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து எடுத்துத் தருவதாகச் சொன்னான்.

சீதாவுக்கு மனம் ஒப்பவில்லை. லயத்தில் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒப்பாரி வைத்தாலே வாயில் அடி விழும். பொணம் இல்லாத வீட்டில் அதைப் பாடினால் வீடு ஒரு பொணத்தைத் தேட ஆரம்பித்துவிடும் என்று சொன்னவள் வேறு யாருமில்லை, முத்துலிங்கத்தின் தாய் பேச்சியம்மாதான். செத்த வீடுகளுக்கெல்லாம் முன்னால் நின்று ஒப்பாரி வைத்தவள் அவள். அதை நினைவுபடுத்தியபோது முத்துலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சொன்னது தேயிலை மலையில், நாம் இருப்பது டவுனில் என்றான். அவனே சிரிக்கிறானே என்றுதான் அவளும் தலையாட்டினாள்.

முதல் நாள் எடுத்ததை அனுப்பியதும், அழுகை பத்தவில்லை, இன்னொரு தடவை பாடு என்று செய்தி வந்தது. மறுநாளும் கரண்ட் போனது. மகளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு அலுமாரிக்குள் ஏறினாள். நப்தலின் உருண்டை மணமும் தன் சேலைகளின் பழைய வியர்வை மணமும்தான் அங்கே எப்போதும் இருக்கும். அன்றைக்கு அவற்றுக்கு அடியில் சாம்பிராணி மெல்லப் புகைந்தது. 'தூங்குனது போதுமடி, தங்கமே எந்திரிடி' என்ற முதல் வரியைப் பாடி மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு முடிவதற்குள் ஹெட்போனில் இன்னொரு மூச்சு கேட்டது. பிறகு இன்னொன்று. பல பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தங்கள் முறை வரட்டும் என்று வாயைத் திறந்து வைத்திருப்பது போல.

கடைசி அமைதியில் கோப்பைகள் மோதின. செத்த வீட்டில் போல, யாருக்கோ பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் கீழ்வீட்டு ஸக்கியா படியில் மறித்தாள். வீட்டுக்காரியான அவளை, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கிற மாதிரியே, சீதாவும் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். ராத்திரி மேலே நிறையப் பேர் வந்திருந்தார்களா, கதிரை இழுக்கிற சத்தம் தாங்கவில்லையே என்று ஸக்கியா தாத்தா தன்மையாகத்தான் கேட்டாள். சீதா, இனி சத்தம் போடமாட்டோம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் மகளைக் கவனித்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வகுப்பில் தலை சாய்ந்துவிடுகிறது என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். பொழுது சாய்ந்தால் சோற்றுக் கோப்பையின் முன்னாலேயே கண் செருகியது. உலுக்கினால் நெடுநேரம் கழித்துத்தான் விழித்தது. அதுவும், யாரோ பெரிய மனசு பண்ணி அனுப்பிவைத்த மாதிரி.

மூன்றாவது தடவையும் முத்துலிங்கம் கேட்டான். சீதா பாடவில்லை. லேப்டொப்பில் இருந்ததையெல்லாம் அழித்தாள். மைக்கையும் ஸ்டொக்கிங்ஸ் வளையத்தையும் அலுமாரியிலேயே விட்டுக் கதவைச் சாத்தினாள். கடையில் லீவு சொல்லி, பிள்ளையை ஸக்கியா தாத்தாவிடம் படுக்க வைத்துவிட்டு, கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினாள். ஒப்பாரி வேண்டும் என்றவன் அவன் வீட்டில் வைத்தே எடுத்துக்கொள்ளட்டும், அவள் வீட்டில் பாடியதை அவனும் அழிக்கட்டும் என்று கேட்பதற்காகப் போனாள்.

ஸ்டூடியோ குளுகுளுவென்று இருந்தது. சுவரெங்கும் பஞ்சுப் பலகை. மேல்மாடிக்குப் போகும் படியில் அவனுடைய பிள்ளைகளின் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. திரையில் அவளுடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்பீக்கர் இரண்டு இருந்தும், அவன் ஹெட்போனை ஒற்றைக் காதில் மட்டும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சீதா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவன் கேட்காத மாதிரி இருந்தான். அவளே எட்டி ஹெட்போன் வயரைப் பிடுங்கப் போனாள். அப்போது அவன் அவள் கையைப் பிடித்தான்.

"அதை இங்க சத்தமாப் போடாதே சீதா. ஸ்டூடியோவுக்கு மேல என் புள்ளைங்க இருக்குதுங்க."

சீதாவுக்கு இப்போது எல்லாம் புரிந்தது: வீட்டிலேயே பாடினால்தான் இயற்கையாக இருக்கும் என்று அவன் சொன்னது, அலுமாரியை அவனே வந்து அளந்தது, தாயின் பேச்சைச் சொன்னதும் அவ்வளவு சிரித்தது. அவன் நம்பாதவன் இல்லை. அவளைவிட அவன்தான் நம்பினான். நம்பியதால்தான் தன் வீட்டில் எடுக்கவில்லை.

"எனக்கும் ஒரு புள்ள இருக்குன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான். "நான் என்னா பண்றது, பாட்டு வேணுமில்ல."

கூடப் பிறந்தவனைப் போல நினைத்தவன். அவளுடைய அம்மா உருட்டிக் கொடுத்த சோற்றை அவளுக்கு முன்னால் கை நீட்டி வாங்கியவன். அழிக்கிறாயா என்று மட்டும் கேட்டாள். அழித்தும் பிரயோசனமில்லை, பாடினது பாடினதுதான் என்று அவன் சொன்னான்.

திரும்பிவரப் பஸ் இல்லை. பெற்றோல் வரிசை பாலம் வரை நீண்டு வீதியை அடைத்திருந்தது. முச்சக்கர வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் லொறியில் தொற்றி, அவள் அம்பிட்டிய மேட்டில் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடுகளில் வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாகச் செத்தது. மழை தூறியது. மில் நின்றது. அவள் எத்தனையோ நாள் காத்திருந்த அமைதி, கேட்காமலே வந்து காதை அடைத்தது.

ஸக்கியா தாத்தா மெழுகுதிரியோடு வாசலில் நின்றாள். சீதாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நீங்க மேலதானே இருந்தீங்க? பாடுற சத்தம் கேட்டிச்சு. அம்மா வந்துட்டாங்கன்னு புள்ள எந்திரிச்சு மேல ஓடிட்டா." சாவு விசாரிக்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "ஆக்கள் நிறைய வந்திருக்காங்க போல. யாரும் மௌத்தாகிட்டாங்களா?"

சீதா படியேறினாள். கையில் போன் வெளிச்சம். மேலே அவளுடைய சொந்தக் குரலே பாடிக்கொண்டிருந்தது. இரைச்சல் கழுவப்பட்ட, சுத்தமான குரல். முத்துலிங்கம் பத்தவில்லை என்ற அழுகை இப்போது அதில் இருந்தது.

வாசலில் செருப்புகள். நனைந்த செருப்புகள். தேய்ந்தவை, தேயிலைக் கொழுந்து மலையின் செம்மண் ஒட்டியவை. வரிசைக்கு மேல் வரிசை.

அவள் கதவைத் தொட்டதும் பாட்டு நின்றது.

உள்ளே யாருமில்லை. சாம்பிராணி மணம். ஆறிய பிளேன்டீயின் மணம். லேப்டொப்பைக் கதிரையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். கதிரை சுவரோடு சாத்தப்பட்டிருந்தது. நடுவில் இடம் வேண்டும் என்பதற்காக.

நடுவில் பாய்.

பாயில் டிலுக்‌ஷி. தலை தெற்கே. கைகள் நெஞ்சில். தலை சீவி, நெற்றியில் பெரிதாகத் திருநீறு. சீதா பூசவில்லை. சீதா சீவவில்லை.

வெளிச்சத்தைக் கால்பக்கம் கொண்டுபோனாள். கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. மைக்கின் முன்னாலிருந்த வளையத்திலிருந்து கிழித்தெடுத்த ஸ்டொக்கிங்ஸ்.

கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. கீழே எங்கோ பிள்ளைகள் கைதட்டினார்கள். சீதா முழங்காலில் விழுந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க இறுகியது. கன்னத்தைத் தட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட நினைத்தாள். பிள்ளையை எழுப்பத் தினமும் காலையில் சொல்வதைத்தான் சொல்ல நினைத்தாள்.

"தூங்குனது போதும்டி தங்கம், எந்திரி."

மெட்டோடுதான் வந்தது.

அவள் வாயைப் பொத்தினாள். அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. சேலைகளுக்கு நடுவிலிருந்து பல கைகள் நீண்டு வந்து அவள் தோளை அணைத்தன. பல வாய்கள் சேர்ந்து இரண்டாவது வரியை எடுத்தன.